நைலானுக்குள் ரப்பர்: கேட்டவையும் சொன்னவையும்

இருபது வருடத்துக்கு மேலாக நைலான் காம்பவுண்டிங்கில் (நைலானை உருக்கி மற்றப் பொருள்களோடு கலக்கும் வேலையில்) குப்பை கொட்டுகிறேன். ரியாக்டிவ் ரப்பர் (நைலானோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரப்பர்) சேர்த்து நைலானை உடையாமல் செய்வது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மோல்டிங் பட்டறை, அம்பத்தூர்): சார், நைலான் 6-ல் கிளிப் அடிக்கிறோம். மெஷினிலிருந்து வந்த கையோடு வளைத்தால் பட்டென்று உடைகிறது. ஒரு ராத்திரி வெந்நீரில் போட்டு எடுத்தால் உடைவதில்லை. அப்புறம் எதற்குச் செலவு செய்து ரப்பர்?

பதில்: வெந்நீர் வைத்தியம் பொய் இல்லை. நைலான் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் நடுவில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஆனால் வந்த தண்ணீர் போகவும் செய்யும். கிளிப் இன்ஜின் பக்கத்தில் காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். மைனஸ் 30 டிகிரிக் குளிரில் தண்ணீர் கைகொடுக்காது. ஊறினால் அளவும் மாறும். ரப்பர் எங்கும் போகாது. காய்ந்த நைலான் 6-ன் நாட்ச் ஐஸாட் (கீறல் போட்ட துண்டை அடித்து உடைக்கத் தேவைப்படும் ஆற்றல்) மீட்டருக்குச் சுமார் 50 ஜூல். சரியான ரப்பர் 20 சதவீதம் சேர்ந்தால் 800-ஐத் தாண்டும்.

கேள்வி (அதே பட்டறை): சாதாரண இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே ஹாப்பரில் கொட்டினால்?

பதில்: ஆரம்பத்தில் நானும் கொட்டியிருக்கிறேன். அடித்த துண்டில் கேட் (உருகல் அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கம் நகத்தால் கீறினேன், வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. நைலானும் இ.பி.டி.எம்.மும் எண்ணெயும் தண்ணீரும் போல. ஸ்க்ரூ எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் ரப்பர் துளிகள் மறுபடி ஒன்று சேர்ந்து பெருத்துவிடும்.

அதனால்தான் மாலியிக் அன்ஹைட்ரைடு (அமீனோடு எளிதில் சேரும் வேதிப்பொருள்) ஒட்டிய ரப்பர். எடையில் அரை முதல் ஒரு சதவீதம் ஒட்டியிருந்தாலே போதும். நைலான் சங்கிலியின் முனையில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி இருக்கிறது. உருகிய நிலையில் இரண்டும் சந்தித்த சில நொடிகளில் பிணைந்துவிடும். அப்படிப் பிறந்த சங்கிலியின் ஒரு பாதி நைலானுக்குள்ளும் மறு பாதி ரப்பருக்குள்ளும் இருப்பதால், துளிகள் ஒன்றோடொன்று சேர முடிவதில்லை. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துளிகள் அப்படியே நிற்கும். இதை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் டூபாண்ட் நிறுவனத்தின் பென்னெட் எப்ஸ்டைன். அவருடைய காப்புரிமை 1979-ல் வந்தது. 'சூப்பர் டஃப் நைலான்' என்று இன்று விற்பதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

இந்த வேலைக்கு ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் (இரண்டு ஸ்க்ரூ சேர்ந்து உருக்கிக் கலக்கும் இயந்திரம்) வேண்டும். இன்ஜெக்ஷன் மெஷினின் ஒற்றை ஸ்க்ரூவால் இந்த அளவுக்கு நொறுக்க முடியாது.

கேள்வி (பாலிமர் மாணவி): ரப்பர் அடியை உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதினால் சரியா, ஐயா?

பதில்: மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் சரி இல்லை அம்மா. ரப்பர் தானாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சொற்பம். அடி வாங்குவது நைலான்தான். அதற்கு வழிவிடுவதுதான் ரப்பரின் வேலை.

விரிசல் முனையில் நைலான் மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. அந்த நிலையில் அதனால் நெளிய முடியாது, உடையத்தான் முடியும். ரப்பர் துளி இருந்தால், அது முதலில் உள்ளுக்குள் கிழிந்து வெற்றிடமாகிறது. இறுக்கம் தளர்ந்ததும் துளிகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய நைலான் சுவர்கள் இழுபட்டு நீள்கின்றன. ஆற்றல் அங்கேதான் செலவாகிறது. நல்ல கலவையில் ஐஸாட் அடித்த துண்டைப் பாருங்கள்: இரண்டாகப் போகாமல் கீல் போலத் தொங்கும், முறிந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். அந்த வெண்மை பெரும்பாலும் கிழிந்த துளிகளில் ஒளி சிதறுவதால் வருவது.

அந்தச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்க வேண்டும் என்பதை 1985-ல் டூபாண்டின் சௌஹெங் வூ சொன்னார். நைலான் 66-க்குச் சுமார் 0.3 மைக்ரான். அதற்குமேல் தடித்தால் முறிவு, குறைந்தால் நெளிவு. நடுவில் வழவழா கொழகொழா கிடையாது, சட்டென்று மாறும்.

அப்படியானால் துளி சின்னதாக ஆக நல்லதா என்றால், அதுவும் இல்லை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பால் குழுவினர் மாலியிக் ஒட்டிய எஸ்.இ.பி.எஸ். (ஸ்டைரீன் உள்ள இன்னொரு வகை) ரப்பரை மட்டும் நைலான் 6-ல் கலந்தபோது துளிகள் 0.05 மைக்ரான் அளவுக்குப் பொடிந்துவிட்டன. உறுதி வரவில்லை. அவ்வளவு சின்னத் துளி கிழியவே மறுக்கிறது. மாலியிக் ஒட்டாத எஸ்.இ.பி.எஸ்.ஐயும் கொஞ்சம் சேர்த்துத் துளியைப் பெரிதாக்கிய பிறகுதான் சரியானது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். தேர்வில் எழுதுகிறீர்களோ இல்லையோ, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர் தூள் போடலாமா? மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

பதில்: வேண்டாம். 40 மெஷ் தூள் என்றால் சுமார் 400 மைக்ரான். நமக்கு வேண்டியது ஒரு மைக்ரானுக்குக் கீழே. அது ஏற்கெனவே வல்கனைஸ் ஆனது (சங்கிலிகள் குறுக்கே பிணைந்து இறுகியது), எக்ஸ்ட்ரூடரில் உருகி உடையாது. நைலானுக்குள் கல் விழுந்த சோறு மாதிரி, ஒவ்வொரு துகளும் ஒரு விரிசலுக்குத் தொடக்கம்.

கேள்வி (மார்த்தாண்டம்): எங்கள் ஊர் ரப்பர் ஷீட்?

பதில்: நைலான் ஓடும் 240, 250 டிகிரியில் இயற்கை ரப்பர் சிதைய ஆரம்பித்துவிடும். சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்பு இருப்பதுதான் காரணம். இ.பி.டி.எம்.மின் முதுகெலும்பில் அது இல்லை. பாலிப்ரொப்பிலீனோடு வேண்டுமானால் உங்கள் ரப்பர் சேரும், அங்கே சூடு குறைவு.

கேள்வி: லேப் இல்லை. சப்ளையர் தந்த ரப்பர் உண்மையிலேயே நைலானோடு பிணைந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கண்ணாடிக் குப்பியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி, அந்த ரப்பர் கலந்த நைலானில் இரண்டு குருணை போட்டு ஒரு நாள் விடுங்கள். அமிலம் நைலானைக் கரைக்கும், ரப்பரைக் கரைக்காது. பிணையாத ரப்பர் மேலே மிதந்து ஆடை கட்டும், கீழே தெளிவாக இருக்கும். பிணைந்திருந்தால் குப்பி முழுக்கப் பால் மாதிரி வெளுத்து அப்படியே நிற்கும். மோலாவ் சோதனை என்று பெயர். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.

இன்னொரு அடையாளம், எம்.எஃப்.ஐ. (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு ஓடுகிறது என்ற அளவு) இறங்கும். பலர் இதைக் குறை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சங்கிலிகள் பிணைந்தால் ஓட்டம் குறையத்தான் செய்யும்.

கேள்வி: பி.பி.டி. என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக்குக்கும் இதே ரப்பர்தானா?

பதில்: இல்லை, அங்கே அமீன் கிடையாது. கிளைசிடில் மெத்தாக்ரிலேட் உள்ள ரப்பர் பாருங்கள். அதிலுள்ள எபாக்ஸி வளையம் பாலியெஸ்டரின் அமில முனையோடு சேரும்.

மறுபடி அம்பத்தூர்: 15 சதவீதம் போட்டு அடித்தோம் சார். சுத்தியலால் தட்டியும் உடையவில்லை. ஆனால் கிளிப்பின் பிடி தளர்ந்துவிட்டது.

பதில்: ரப்பர் போட்டால் விறைப்பு போகும், அதுதான் விலை. காய்ந்த நைலானின் 2.8 ஜிகாபாஸ்கல் உங்கள் கலவையில் 2-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். இரண்டு வழி. கிளிப் சுத்தியலடி வாங்கப்போவதில்லை என்றால் 8 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். சூப்பர் டஃப் கிடைக்காது, வெறும் நைலானைவிட நன்றாகவே இருக்கும். இல்லையென்றால் கிளிப்பின் சுவரை 1.6 மில்லிமீட்டரிலிருந்து 1.8 ஆக்குங்கள். விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும், கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும், போனது திரும்பிவிடும். மோல்டில் இரும்பைக் குறைப்பது டூல் ரூமுக்கு ஒரு நாள் வேலை. சேர்க்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.