சாம்பல் வாங்கினேன், சுவர் நீலமாகத் தெரிகிறது!

கேள்வி: வரவேற்பறைக்கு வெளிர் சாம்பல் பெயின்ட் வாங்கி அடித்தோம். ஷேட் கார்டில் சுத்தமான சாம்பல்தான். சுவரில் லேசாக நீலம் அடிக்கிறது, அதுவும் ஆரஞ்சு சோபாவுக்குப் பின்னால் நன்றாகவே தெரிகிறது. கடையில் கேட்டால் சரியாகத்தான் கலந்தோம் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: சண்டைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளை அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்றின் பின்னால் ஷேட் கார்டில் இருக்கும் அந்தச் சாம்பலை ஒட்டுங்கள். அட்டையைச் சுவரோடு வைத்தால் மற்றதில் சுவர் தெரியும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை, வேலையைக் காட்டுவது உங்கள் சோபா! வேறாக இருந்தால் ரசீதையும் ஷேட் எண் ஒட்டிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போய்க் கேளுங்கள்.

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிற வட்டத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் சாம்பல் இருந்தால், நம் கண் அதில் கொஞ்சம் நீலத்தைத் தானாகவே ஏற்றிப் பார்க்கும். இது பழைய புகார்தான். பாரிஸில் கோப்லான் நெசவாலையில், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று குறை சொன்னார்கள். சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல் சோதித்துப் பார்த்தார். சாயம் நன்றாகத்தான் இருந்தது; பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வைத்தன. இந்த விஷயத்தை வைத்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதிவிட்டார்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பல்பைப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் நீலத்தை இன்னும் கூட்டும். மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்ப் போட்டுப் பார்த்தால் ராத்திரியிலாவது குறையும். சோபா மேல் ஒரு நாள் வெள்ளைப் போர்வை போட்டும் பாருங்கள். அப்புறமும் உறுத்தினால், கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பலுக்கு மாறலாம். என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடுவேன். ஆரஞ்சும் மங்கலான நீலமும் நல்ல ஜோடி, காசு கொடுத்து அதைக் கேட்பவர்களும் உண்டு.

அடுத்த முறை சோபா, திரைச்சீலை எல்லாம் வாங்கிய பிறகு கடைசியாகப் பெயின்ட் வாங்குங்கள். பெயின்டில் ஆயிரக்கணக்கில் ஷேட் கிடைக்கும், துணியில் அவ்வளவு கிடைக்காது. சாம்பிள் டப்பா வாங்கி ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் சோபாவுக்குப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். மெஷினில் நிறம் கலந்த டப்பாவைப் பொதுவாகக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

கேள்வி: சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள் என்கிறார்களே, ஆளுக்கொரு சுவராக அடிக்கலாமா?

பதில்: இரண்டும் பளிச்சென்று இருந்தால் சேரும் மூலையில் கண் கூசும், உட்கார்ந்து பேச முடியாது. சுவருக்கு மங்கலான பச்சை போதும். சிவப்பு இரண்டு குஷனில் இருக்கட்டும். பச்சையில் துளி சிவப்பு கலந்தால் அதன் பளிச்சென்ற தன்மை அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் கலக்காதீர்கள். பாதிச் சுவரில் பெயின்ட் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.