வலிக்காத கட்டிக்குத்தான் சீக்கிரம் போக வேண்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. 49 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. பொங்கலுக்கு முன்பு குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி கையில் பட்டிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து இப்போதுதான் என்னிடம் சொன்னார். "வலியே இல்லையே, வலிச்சா பார்த்துக்கலாம்" என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தால் பரவிவிடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். பக்கத்து கிளினிக்கில், சின்னக் கட்டிதான், அரை நாளில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். உடம்பு எரிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று போன வருடம் சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டார். அதனால் வந்திருக்குமா? கடலூரிலேயே பார்க்கலாமா, பாண்டிச்சேரி போக வேண்டுமா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: இந்த வாரமே அம்மாவை ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசிப் பரிசோதனை வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். அந்தப் பரிசோதனை முடியும் வரை, கட்டியை எடுக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இந்த மூன்றில் மட்டும் தாமதம் வேண்டாம்.

அம்மா சொல்லும் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மார்பகப் புற்றுநோயில் நாம் இழக்கும் மாதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையால்தான் போகிறது. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மார்பில் வலி வந்தால் அது அனேகமாக ஹார்மோன் ஏற்ற இறக்கத்தாலோ, சதைப்பிடிப்பாலோ, நீர்க்கட்டியாலோ இருக்கும். புற்றுக்கட்டி வலிக்கத் தொடங்கும்போது அது தோலையோ, உள்ளே இருக்கும் சதையையோ தொட்டிருக்கக்கூடும். அதனால் "வலிச்சா போறேன்" என்று காத்திருப்பது, வைத்தியம் எளிதாக இருக்கும் காலத்தைக் கைவிடுவதுதான்.

மாதவிடாய் நின்ற பிறகு வருகிற கட்டி என்பது இதில் இன்னும் முக்கியம். இருபது, முப்பது வயதில் மார்பில் கட்டி வந்தால் பெரும்பாலும் அது சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும். மாதந்தோறும் ஹார்மோன் ஏறி இறங்கும் வரை மார்பகம் வீங்குவதும், முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுவதும், தூரம் வந்ததும் அடங்குவதும் இயல்பு. மாதவிடாய் நின்றதும் சூலகம் ஓய்வெடுக்கிறது. பால் சுரப்பிகள் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. அந்த மாதாந்திர முடிச்சுகள் இனி வரக்கூடாது. அப்படிப்பட்ட மார்பில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், அதற்கு ஹார்மோனைக் காரணம் சொல்லி விட்டுவிட முடியாது. இன்ன கட்டி என்று உறுதி செய்தே ஆக வேண்டும். அக்குள் பக்கமான மேல்பகுதியில் சுரப்பித் திசு அதிகம் என்பதால் புற்றுக்கட்டிகள் அங்குதான் அதிகம் வருகின்றன. இதை எழுதுவதால் அம்மாவுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. இந்த வயதிலும் சாதாரணக் கட்டிகள் உண்டு. ஆனால் எது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சேர்த்துத்தான்.

மருத்துவரிடம் போகுமுன் நீங்களும் ஒருமுறை பாருங்கள். கட்டியின் மேல் தோல் உள்வாங்கியிருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டதா, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருகிறதா, காம்பில் ஆறாத புண் இருக்கிறதா, அக்குளில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதுவுமே இல்லை என்றாலும் போகத்தான் வேண்டும்.

சரி, மருத்துவமனையில் என்ன நடக்கும்? மூன்று படிகள். மருத்துவர் இரண்டு மார்பையும் இரண்டு அக்குளையும் கையால் பரிசோதிப்பார். அப்புறம் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மூன்றாவது ஊசி மூலம் சதைப் பரிசோதனை. மேமோகிராம் எடுக்கும்போது மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையில் வைத்து அழுத்துவார்கள்; அந்த அழுத்தம் சில நொடிதான், ஆனால் கொஞ்சம் வலிக்கும். அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போட வேண்டாம். படத்தில் அவை சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரி தெரிந்து குழப்பிவிடும். வயதான மார்பில் கொழுப்பு அதிகம் என்பதால் அம்மா வயதில் மேமோகிராம் நன்றாகவே தெளிவாகத் தெரியும். ஆனாலும் அது சில கட்டிகளைத் தவறவிடுவது உண்டு. ஆகவே கையில் கட்டி தட்டுப்படும்போது, "மேமோகிராம் நார்மல்" என்ற தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். ஊசி குத்துவதால் புற்றுநோய் உடம்பில் பரவுவதில்லை. உலகம் முழுக்க மார்பகக் கட்டிக்கு முதலில் செய்யப்படும் உறுதிப் பரிசோதனை இதுதான். பிறகு ஏன் எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு இருக்கிறது? நான் பார்த்த வரையில் காரணம் இதுதான். ஒருவருக்கு ஊசிப் பரிசோதனையில் நோய் என்று வருகிறது. பயந்துபோய் அவர் வீட்டுக்குத் திரும்பி நாட்டு மருந்து, பத்தியம், வேண்டுதல் என்று ஆறு மாதம் கழிக்கிறார். அந்த ஆறு மாதத்தில் கட்டி வளர்ந்து அக்குளுக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகிறது. ஊர் அதைப் பார்த்து, ஊசி குத்தின பிறகுதான் பரவியது என்கிறது. பரவியது சிகிச்சை இல்லாமல் போன அந்த ஆறு மாதத்தில். அத்தை உங்கள் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார். அவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், இதே கேள்வியை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும்.

பரிசோதனை இப்படித்தான் இருக்கும்: அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, கொஞ்சம் தடிமனான ஊசியால் கட்டியிலிருந்து மெல்லிய சதைத் துணுக்குகள் சிலவற்றை எடுப்பார்கள். ஊசி இயங்கும்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். அதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திடுக்கிட்டுவிடுவார். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாள் அந்த இடம் கன்றிப்போய் இருக்கும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும். நோய் என்று வந்தால் அதே துணுக்குகளை வைத்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் ஹார்மோன் மாத்திரையா, கீமோவா, குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் மருந்தா என்று முடிவாகும்.

அந்தக் கிளினிக் சொன்ன "அரை நாள்" யோசனைதான் எனக்கு அத்தையின் பயத்தைவிடக் கவலை தருகிறது. என்ன கட்டி என்று தெரியாமல் எடுத்துவிட்டு, பிறகு அது புற்று என்று தெரிந்தால், சுற்றிலும் எவ்வளவு நல்ல திசுவைச் சேர்த்து எடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே தவறியிருக்கும். தழும்பு தவறான இடத்தில் இருக்கும். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன். முதலிலேயே திட்டமிட்டிருந்தால் மார்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சிலருக்கு, இதனால் முழு மார்பையும் எடுக்க வேண்டி வருகிறது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்ட கொடுமையையும் பார்த்திருக்கிறேன். உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், யார் எடுத்தாலும், அதைப் பேத்தாலஜி பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையை எழுத்தில் வாங்க வேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த அட்டை இருந்தால் அப்படியே எடுத்துப் போங்கள். அது கால்சியமா, மூலிகையா, ஹார்மோனா என்று பெயரைப் பார்த்தால்தான் தெரியும். ஹார்மோன் என்றே வைத்துக்கொள்வோம். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால், எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆண்டுக்கணக்கில் எடுக்க எடுக்க அந்த ஆபத்து கூடும். சில மாதம் சாப்பிட்டதற்காக அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், வாங்கிக் கொடுத்தது நீங்களாக இருந்தால் நீங்களும் வேண்டாம். ஆனால் பரிசோதனை முடிவு வரும் வரை எந்த ஹார்மோன் மாத்திரையும் தொடக் கூடாது. நோய் உறுதியானால் அப்புறமும் கூடாது.

அதற்காக அந்த எரிச்சலையும் வியர்வையையும் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். முந்திரி வறுக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் அது இன்னும் படுத்தும், முடிந்தால் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: தூரம் நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா? ஒரு சொட்டு என்றாலும், கறை மாதிரி என்றாலும் அது சாதாரணம் இல்லை, கருப்பையைப் பார்க்க வேண்டும். பெண்கள் இதை யாரிடமும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

எங்கே போவது? முதல் பரிசோதனைக்கு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவு போதும். சிதம்பரம் பக்கம் வசதி என்றால் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், அதன் மண்டலப் புற்றுநோய் மையத்தோடு, எல்லாச் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடம். நோய் உறுதியானால் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று பல மாதம் அலைய வேண்டியிருக்கும் என்பதால், கடைசி வரை எங்கே பார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரி, அங்கிருந்து திண்டிவனம் சாலையில் கோரிமேடு. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், புறநோயாளர் சீட்டு காலையில்தான். முன்பதிவு வேண்டுமா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காப்பீட்டு அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டை வைத்துக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எந்த மருத்துவமனையாக இருந்தாலும், இந்த அட்டை அங்கே செல்லுமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

அம்மா வர மறுப்பதற்கு வலியின்மை மட்டுமே காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆண் டாக்டரிடம் மாரைத் திறந்து காட்ட வேண்டுமே என்ற கூச்சம் இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் பெண் நர்ஸ் ஒருவரோ நீங்களோ கூடவே நிற்கலாம். மார்பை எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். புற்றுக்கட்டியாகவே இருந்தாலும், அது 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குளுக்குப் பரவாமல் இருந்தால் முதல் நிலை. அந்த நிலையில் பலருக்குக் கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுத்து மார்பைக் காப்பாற்ற முடிகிறது. அப்படிச் செய்வதால் ஆயுள் குறைவதில்லை என்பது நீண்டகால ஆய்வுகளில் உறுதியான விஷயம். அம்மாவின் கட்டி இன்னும் கொண்டைக்கடலை அளவில் இருக்கும்போதே இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். கூலி போய்விடுமே என்பது மூன்றாவது காரணமாக இருக்கலாம். அதை அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அந்த நாளுக்கான பணத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 30 வயது தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள், செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு நோய் உறுதியானால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேமோகிராம் எந்த வயதிலிருந்து, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று உங்களுக்கும் உங்கள் சகோதரிகளுக்கும் அவர் வகுத்துக் கொடுப்பார். அம்மாவின் அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டில் வைத்திருங்கள்.