பழைய ராகு கிண்ணத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

கோணலாக, கறுப்பாக இருக்கும் ஜப்பானிய ராகு (Raku) தேநீர்க் கிண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோணலில்தான் விஷயமே இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கியோட்டோவில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கேற்ப சோஜிரோ என்பவர் செய்த கிண்ணங்களில் தொடங்கியது இது. குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கையாலேயே வனைந்து, கொஞ்சம் காய்ந்ததும் செதுக்குவார்கள். கறுப்புக் கிண்ணத்தை மேற்பூச்சு உருகியவுடன், தகதகவென்று இருக்கும்போதே இடுக்கியால் சூளையிலிருந்து எடுத்துவிடுவார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்த ஆழ்ந்த கறுப்பு. பல கிண்ணங்களில் இடுக்கித் தடம் தெரியும். எனக்கு அது அழகுதான்.

மண் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு இருப்பதால் சூடு மெதுவாகத்தான் கைக்கு வரும். மாச்சாவை (பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிய தேநீர்) இரு கைகளாலும் ஏந்திக் குடிக்க இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை என்பேன்.

அப்புறம், வாங்குவதாக இருந்தால் ஒன்று: சுடச்சுட மரத்தூளில் போட்டுப் புகையேற்றும் ‘ராகு’ 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய முறை. உலோகப் பளபளப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். அடியில் உள்ள, செய்தவரின் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். முத்திரையே இல்லாத அசல்களும் உண்டு, முத்திரையிட்ட போலிகளும் உண்டு.