கிட் லென்ஸுக்கு அடுத்து எந்த லென்ஸ்?
கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுக்கு அடுத்து, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி ஜூமா, ஜூம் ஆகாத பிரைமா என்று கேட்டிருக்கிறீர்கள்; வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் மங்கிப்போவதுதான் குறை என்பதால், எஃப்/1.8 பிரைமையே (எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறக்கும்) முதலில் வாங்கச் சொல்வேன். கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது, எஃப்/1.8 அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுவதால், 1/15 நொடியில் அசைந்து கலங்கிய குழந்தையின் முகத்தை, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) உயர்த்தாமலேயே 1/125 நொடியில் தெளிவாகப் பிடித்துவிடலாம். ஆனால் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும் (சிறிய அறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும்). அங்கே 35 மி.மீ.தான் வசதி. ஐயமிருந்தால், இருக்கும் ஜூமையே ஒரு வாரம் 35-இலும் மறுவாரம் 50-இலும் நிறுத்தி, வளையத்தைத் திருப்பாமல் எடுத்துப் பாருங்கள். டெலி ஜூம், பறவைகளைத் துரத்தும் ஆசை வந்தபின் போதும்.