"கைது இல்லை, வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்கிறது பொலிஸ்

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் ஒருவருடன் நடந்த கைகலப்புக்காக வியாழக்கிழமை 'வாலண்டரி இன்டர்வியூ'வுக்கு வரச் சொல்கிறார்கள். சொலிசிட்டரோடு (சட்டத்தரணியோடு) போனால் பொலிஸின் சந்தேகம் அதிகரிக்காதா? செலவு எவ்வளவு?

பதில்: செலவு இல்லை. வருமானம், விசா எதையும் பார்க்காமல், பொலிஸ் விசாரணைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட உதவி இலவசம். உங்கள் சொலிசிட்டரின் நிறுவனத்துக்குக் குற்றவியல் சட்ட உதவி ஒப்பந்தம் இருந்தால் போதும். இல்லையென்றால், "டியூட்டி சொலிசிட்டர் (முறைப்படி பணியிலிருக்கும் இலவசச் சட்டத்தரணி) வேண்டும்" என்று உங்களை அழைத்த பொலிஸ் அதிகாரியிடமே கேளுங்கள். அதைச் சந்தேகமாக எடுக்க முடியாது, அது உங்கள் உரிமை.

அழைத்த அதிகாரியின் பெயர், வழக்கு எண், என்ன குற்றச்சாட்டு என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை போனில் விளக்க வேண்டாம், அதையும் எழுதிவைப்பார்கள். சொலிசிட்டருக்கு வியாழக்கிழமை வசதிப்படாவிட்டால் வேறு நாள் கேட்கலாம்.

சொலிசிட்டரின் முக்கிய வேலை இன்டர்வியூவுக்கு முன்பே நடக்கிறது. கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அதிகாரியிடம் கேட்டறிந்து, பிறகு உங்களோடு தனியாகப் பேசுவார். பதில் சொல்வதா, எழுதிய வாக்குமூலம் கொடுப்பதா, 'நோ கமென்ட்' (பதில் சொல்ல விரும்பவில்லை) என்பதா என்று அங்கேதான் முடிவாகும். 'நோ கமென்ட்' எப்போதும் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம். "அவர்தான் முதலில் தள்ளினார்" என்று அன்று சொல்லாமல் நீதிமன்றத்தில் சொன்னால், 1994 குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். கடையின் சிசிடிவி பதிவு தானாக அழியுமுன் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். முன்கூட்டியே கேளுங்கள், உறவினரை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

கைது செய்யாதவரை எழுந்து போகலாம். ஆனால் போனால், கைது அவசியம் என்று அதிகாரி கருதக்கூடும். சொலிசிட்டரைக் கேட்காமல் எழும்பவேண்டாம். இன்டர்வியூ முடிந்ததும் 'காஷன்' (நீதிமன்றம் போகாமல் பொலிஸ் தரும் முறையான எச்சரிக்கை) வாங்கிக்கொள்ளச் சொன்னால் உடனே கையெழுத்திடாதீர்கள்: அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான், பதிவிலும் இருக்கும்.

சாதாரணத் தாக்குதல் என்றால் பொதுவாக 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்க வேண்டும். காயம் பெரிதென்று குற்றச்சாட்டு உயர்ந்தால் அந்தக் கெடு இல்லை. வழக்குத் தொடர்ந்தால் நீதிமன்ற அழைப்பாணை பொதுவாகத் தபாலில் வரும். வீடு மாறினால் அதிகாரிக்கு அறிவியுங்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போய் நீங்கள் ஆஜராகாவிட்டால் பிடியாணை பிறக்கலாம்.