கட்டட நிதிக்கு முன்னால் கணக்கு நோட்டு

பிரதர், பத்து வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தது இப்போது உறுத்துகிறது, மொத்தத்தையும் சபைக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

பைபிளில் லூக்கா 19-ஐ எடுத்துப் பாருங்கள். எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவனாக இருந்த சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிற்கவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவதாகவும் சொன்னார். அநியாயம் செய்தவரிடம் எண்ணாகமம் 5 கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். ஆலயத்துக்கு என்று சகேயு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அதனால் முதலில் கணக்கு நோட்டை எடுங்கள். அசலுக்கு மேல் பல மடங்கு கட்டியவர்கள் யார் யார் என்று குறியுங்கள். தொகை நிரப்பாமல் கையெழுத்து வாங்கி வைத்த புரோநோட்டு, செக், அடகு நகை எதுவானாலும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சிலர் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். எண்ணாகமம் 5 ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்வது, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாதபோதுதான். கட்டட நிதியெல்லாம் அப்புறம். போதகர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டில் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கையிருப்பு குறையப்போவது அவர்களுக்கும்தான்.