முதலில் பழுதான கருவிகள் கிடக்கும் அறையைப் பாருங்கள்

கேள்வி: பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு எல்இடி நீல ஒளிக் கருவி ஒன்றைக் கோவையில் தயாரிக்கிறோம். கென்யாவில் விற்க ஆசை. எதை முதலில் ஆராய வேண்டும்?

பதில்: பதிவு விதிகளைத்தான் முதலில் தேடியிருப்பீர்கள். அது இரண்டு வாரம் பொறுக்கட்டும். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்.

அமெரிக்காவின் டிசைன் தட் மேட்டர்ஸ் அமைப்பு, கார் உதிரி பாகங்களை வைத்து ஒரு இன்குபேட்டர் செய்தது. சூட்டுக்குக் கார் ஹெட்லைட். பழுதானால் ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடலாம். டைம் இதழ் 2010-இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதைச் சேர்த்தது. ஆனால் சந்தைக்கே வரவில்லை. யார் தயாரிப்பார், யார் பணம் கொடுத்து வாங்குவார் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. அடுத்து உங்களைப் போலவே காமாலைக் கருவிக்கு வந்தார்கள். இந்த முறை ஹனோயில் உள்ள தயாரிப்பாளரோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். நெரிசலான வார்டுகளில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்துவதைப் பார்த்துவிட்டு, ஒரு குழந்தை மட்டுமே படுக்கும் அளவில் தொட்டிலைச் சுருக்கினார்கள்.

இப்படிப்பட்ட விஷயம் இணையத்தில் தேடினால் கிடைக்காது. கென்யாவில் நான்கைந்து மருத்துவமனைகளுக்காவது போங்கள். தலைநகர் நைரோபியோடு நிறுத்திவிட வேண்டாம். பழுதான கருவிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏழை நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் ஓடாமல் கிடந்ததாக 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஒவ்வொன்றும் எதனால் நின்றது? பாகம் கிடைக்கவில்லையா, மின்னழுத்தம் ஏறி இறங்கியதா, இயக்கத் தெரிந்த நர்ஸ் மாற்றலாகிப் போனாரா? அங்குள்ள பயோமெடிக்கல் டெக்னீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்லிவிடுவார். நீல ஒளியின் அளவைப் பார்க்க அங்கே மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லையென்றால், ஒளி மங்கிப்போனது தெரியாமலே குழந்தைகளைக் கிடத்திக்கொண்டிருப்பார்கள். (பிளக் விஷயத்தையும் மறக்காதீர்கள். அங்கே பிரிட்டிஷ் பாணி சாக்கெட். நம்மூர் உருண்டை முனைகள் அதில் நுழையாது.)

பேசிப் பார்ப்பது வேறு, குழந்தைகளிடம் கருவியைச் சோதிப்பது வேறு. சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நாகோஸ்டி என்ற கென்ய அரசின் அறிவியல் ஆணையத்தின் ஆய்வு உரிமமும் வேண்டும்.

அப்புறம், வாங்குபவர் யார்? 2013 முதல் பெரும்பாலான அரசு மருத்துவமனைகள் 47 கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகங்களின் கையில். அதனால் சுகாதார அமைச்சகத்தில் ஒருவரைப் பிடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவர்கள் தவிர கெம்சா என்ற மத்திய கொள்முதல் அமைப்பு, மிஷன் மருத்துவமனைகள், நன்கொடை அமைப்புகள் என்று வாசல்கள் பல. பச்சிளங்குழந்தைக் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று யுனிசெஃபும், பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கான கூட்டமைப்பான நெஸ்ட்360-ம் 2020-இல் வெளியிட்ட ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் கருவியை வரிக்கு வரி அதோடு ஒப்பிடுங்கள்.

சரி, இனி பதிவு. அங்கே மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் ஃபார்மசி அண்ட் பாய்சன்ஸ் போர்டில் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் அவசியம். இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி பெற்ற உற்பத்தி உரிமத்தையும் மருத்துவக் கருவித் தயாரிப்பின் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 13485 சான்றிதழையும் தயாராக வைத்திருங்கள். விநியோகஸ்தரையே பிரதிநிதியாகப் போட்டால், பிரிய நேர்ந்தால் பதிவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்குங்கள். கருவிகளோடு உதிரி பாகங்களையும் முதல் கப்பலிலேயே ஏற்றிவிடுங்கள்.